மறுபடியும் அப்லேஷனா? கொரடாச்சேரியிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு வயது 64, கொரடாச்சேரிப் பக்கம் விவசாயம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு, எடை 92 கிலோ. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்புக்காகப் பதினான்கு மாதங்களுக்கு முன் சென்னையில் அப்லேஷன் (துடிப்பைக் கலைக்கும் இடத்தைச் சுட்டோ உறையவைத்தோ அடைக்கும் சிகிச்சை) செய்துகொண்டார். ஓராண்டு நிம்மதியாக இருந்தார். இப்போது இரண்டு மாதமாக வாரத்தில் ஒன்றிரண்டு தடவை படபடப்பு வருகிறது. வந்தால் மூன்று நான்கு மணி நேரம் ஆளை உட்கார்த்திவிடுகிறது. சென்னை மருத்துவமனை இன்னொரு முறை செய்துவிடலாம் என்கிறது. திருவாரூர் இதய மருத்துவர் மாத்திரையே போதும் என்கிறார். சித்தப்பா வேலூருக்குப் போகச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது, எந்த டாக்டரிடம் போவது?

மன்னார்குடியில் முப்பது ஆண்டுகளாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன். துடிப்புக் கோளாறுகளுக்கென்றே பயிற்சி பெற்ற எலக்ட்ரோஃபிசியாலஜிஸ்ட் அல்ல நான். அவர்களிடம் ஆளை அனுப்பிவைப்பவன், திரும்பி வந்த பிறகு பார்த்துக்கொள்பவன். வலங்கைமானில் இருக்கும் என் அத்தானுக்கே இந்த அப்லேஷன் இரண்டு முறை நடந்தது. ஆகவே டாக்டர் நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கிறேன், சிகிச்சை அறைக்கு வெளியே பெஞ்சிலும் உட்கார்ந்திருக்கிறேன்.

கேள்விக்குப் போகும் முன் ஒன்று. போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: குணமாகிவிட்டதே என்று, ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரையை அப்பா ஆறாம் மாதமே நிறுத்திவிட்டார் என்று. என்னைத் தூக்கிவாரிப்போட்டது அந்த வரிதான். அப்லேஷன் படபடப்புக்கான வைத்தியம். பக்கவாதத்துக்குக் காப்பு அந்த மாத்திரை. முதலாவது நன்றாக நடந்ததால் இரண்டாவது தேவையில்லை என்று ஆகிவிடாது. இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும்போது, அதன் மூலையில் சிறு பை போலிருக்கும் இடத்தில் ரத்தம் தேங்கிக் கட்டியாகிறது. அந்தக் கட்டி நகர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். துடிப்பு தவறுவதைப் பல நேரம் நோயாளி உணர்வதே இல்லை என்பதால், 'எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லையே' என்பது இதில் செல்லாது. மாத்திரை வேண்டுமா என்பதை ஒரு மதிப்பெண் கணக்கு வைத்து முடிவு செய்கிறோம். அப்பாவுக்கு ரத்த அழுத்தத்துக்கு 1, சர்க்கரைக்கு 1, ஆக 2. ஆண்களுக்கு 2 வந்தாலே மாத்திரை தேவை. அடுத்த ஆண்டு 65 பிறந்ததும் அது 3 ஆகிவிடும். இன்னொரு அப்லேஷன் நடக்கட்டும், நடக்காமல் போகட்டும், இந்த வாரமே திருவாரூர் டாக்டரைப் பார்த்து இதை மறுபடி தொடங்கச் சொல்லுங்கள். சிறுநீரகப் பரிசோதனை பார்த்து எது, எவ்வளவு என்று அவர் எழுதுவார். சிறு வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து இதய வால்வு சுருங்கியவர்களுக்கு மட்டும் புது மாத்திரைகள் சரிப்படாது. அவர்களுக்குப் பழைய ஏசிட்ரோம் வகைதான். 2022-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு அதை உறுதி செய்தது. அப்பாவின் எக்கோவில் (இதய ஸ்கேனில்) அப்படி ஏதும் இருந்தால் டாக்டர் சொல்லியிருப்பார்.

சரி, இப்போது உங்கள் கேள்வி.

திரும்பி வந்திருப்பது எது? இதைக் கேட்காமலே இரண்டாவது முறைக்குத் தேதி குறித்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். படபடப்பு என்பது நோயாளியின் சொல். அது பழைய ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம். அப்லேஷன் வடுக்களைச் சுற்றிச் சுற்றி வரும் ஃப்ளட்டர் என்ற வேறொரு துடிப்பாக இருக்கலாம். முதல் சிகிச்சைக்குப் பிறகு இது சிலருக்கு வரும். நடுவில் ஓரிரு துடிப்பு எகிறி விழுவதாகவும் இருக்கலாம். அதற்கு அப்லேஷனே வேண்டியதில்லை. மூன்றுக்கும் வைத்தியம் வேறு. ஆகவே படபடப்பு இருக்கும்போது எடுத்த ஈசிஜி ஒன்று கையில் வேண்டும். நின்ற பிறகு எடுத்தது உதவாது. படபடப்பு தொடங்கியதும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் எடுத்துவிடுங்கள், மூன்று மணி நேரம் நீடிக்கிறது என்றால் அதற்கு அவகாசம் இருக்கிறது. மார்பு வலி, மயக்கம், மூச்சுத் திணறல் கூட வந்தால் அது வேறு. அப்போது ஈசிஜிக்கு அலையாமல் நேரே பெரிய ஆஸ்பத்திரி. வாரத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் வருகிறது என்பதால், 24 மணி நேரம் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்ட்டர் கருவியில் சிக்காமல் போகலாம். நெஞ்சில் ஒட்டி ஒரு வாரம் பதிவு செய்யும் பட்டை நல்லது.

கூடவே தைராய்டு பார்க்கச் சொல்லுங்கள். ஓய்வு பெற்ற பஸ் நடத்துநர் ஒருவர் என்னிடம் வந்தார். அப்லேஷனுக்குப் பிறகு, துடிப்பை ஒழுங்குபடுத்தும் ஏமியோடரோன் மாத்திரை தொடர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். படபடப்பு திரும்பியது, எடை குறைந்தது, கை நடுங்கியது. ஒரு பெரிய மருத்துவமனையில் மறு சிகிச்சைக்கு முன்பணம் கட்டச் சொல்லிவிட்டார்கள். தைராய்டு பரிசோதனையில் அது தாறுமாறாக எகிறியிருந்தது. அந்த மாத்திரையில் இருக்கும் அயோடின் செய்த வேலை. தைராய்டைச் சரிசெய்ததும் துடிப்பு தானாக அடங்கியது. உங்கள் திருவாரூர் டாக்டர் எழுத நினைக்கும் மாத்திரை இதுவாக இருந்தால், நல்ல மாத்திரைதான். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டும் கல்லீரலும் பார்த்தாக வேண்டும், இருமலோ மூச்சு வாங்குதலோ வந்தால் நுரையீரலையும் பார்க்க வேண்டும். பத்து வருடம் கேள்விமுறை இல்லாமல் விழுங்குகிற மாத்திரை அல்ல.

அப்லேஷனில் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்தால்தான் மீதி விளங்கும். நுரையீரலிலிருந்து இதயத்தின் இடது மேலறைக்கு ரத்தம் கொண்டுவரும் சிரைகள் பொதுவாக நான்கு. துடிப்பைக் கலைக்கும் பொறிகள் பெரும்பாலும் இந்தச் சிரைகளின் வாய்ப் பகுதியிலிருந்துதான் கிளம்புகின்றன என்று பிரான்சின் போர்தோ நகரத்து மருத்துவர் அய்சகேரும் அவர் குழுவினரும் 1998-ல் காட்டினார்கள். அன்றிலிருந்து வைத்தியம் இதுதான்: தொடை இடுக்கு வழியாகக் கம்பியை உள்ளே கொண்டுபோய், ஒவ்வொரு சிரையின் வாயைச் சுற்றியும் சூடு வைத்தோ உறையவைத்தோ ஒரு வடு வளையம் போடுவது. வடுவைத் தாண்டி மின்சாரம் பாயாது. வயலைச் சுற்றி வரப்பு போடுகிற மாதிரி.

அத்தானுக்கு இரண்டாவது முறை நடந்தபோது, நானும் டாக்டர் என்பதால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் திரைகள் இருக்கும் அறையில் நிற்க அனுமதித்தார்கள். மேலறையின் வரைபடம் திரையில் பொம்மை போலச் சுழன்றது. நல்ல தசை ஊதா, வடு சிவப்பு. முனை வட்டமான ஒரு கதீட்டரை (உள்ளே கொண்டுபோகும் கம்பியை) ஒவ்வொரு சிரை வாயிலும் வைத்து, மின்சாரம் கசிகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார் டாக்டர். இடது மேல் சிரை, நேர்கோடு. இடது கீழ், நேர்கோடு. வலது கீழ், நேர்கோடு. வலது மேல் சிரையில் வைத்ததும் கோட்டில் முள் போலச் சின்னதாக ஒன்று குத்திட்டு எழுந்தது. 'இதோ' என்றார், அவ்வளவுதான். அந்த இடத்தில் அரை நிமிடம்கூடச் சூடு வைத்திருக்க மாட்டார், முள் மறைந்தது. மறுநாள் அத்தானிடம் இதை விளக்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்: 'வரப்பில் நண்டு வளை வைத்திருக்கிறது, அதை அடைத்திருக்கிறார்கள். இதற்கு ஏன் இவ்வளவு இங்கிலீஷ்?'

நான் படித்த எந்தப் பாடப்புத்தக விளக்கமும் இதற்கு ஈடாகாது. மறு அப்லேஷனுக்கு மிகச் சாதாரணமான காரணம் இந்த நண்டு வளைதான். போட்ட வடுவில் ஓரிடம் ஆறி, மின்சாரம் மறுபடி கசிகிறது. முதல் டாக்டர் கெடுத்துவிட்டாரா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிச் சொல்ல முடியாது. சூடு வைக்கும் முறையையும் உறையவைக்கும் முறையையும் ஒப்பிட்டு 2016-ல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வில் 762 பேர், தேர்ந்த மருத்துவமனைகள். அங்கேயே இரண்டு முறையிலும் ஓராண்டுக்குள் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் துடிப்புக் கோளாறு திரும்பியது. போட்ட முதல் எட்டு வாரங்களுக்குள் வருவதைத் தோல்வி என்று எண்ணுவதும் இல்லை, புண் ஆறும் காலம் அது. அப்பாவுக்கு ஓராண்டு கழித்து வந்திருப்பதால் இது உண்மையான மறுவருகைதான்.

இனி, செய்யலாமா வேண்டாமா. அப்பாவின் படபடப்பு அவரை எவ்வளவு முடக்குகிறது என்பதுதான் இதில் பாதித் தீர்ப்பு. 2019-ல் வந்த கபானா ஆய்வு 2,204 பேரை எடுத்துக்கொண்டு அப்லேஷனையும் மாத்திரையையும் ஒப்பிட்டது. மரணம், பெரிய பக்கவாதம் போன்றவற்றில் இரண்டுக்கும் இடையே உறுதியான வேறுபாடு தெரியவில்லை. வாழ்க்கைத் தரத்தில் அப்லேஷன் செய்துகொண்டவர்கள் மேலாக இருந்தார்கள். அதாவது பெரும்பாலானவர்களுக்கு இது நிம்மதிக்கான சிகிச்சை. இதயத்தின் பம்பு வலு குறைந்தவர்களுக்கு மட்டும் கணக்கு மாறும், அவர்களுக்கு ஆயுளிலும் நன்மை உண்டு. எக்கோ அறிக்கையில் அந்தப் பம்பு வலுவைச் சொல்லும் ஈஎஃப் என்ற எண் என்ன என்று பாருங்கள். அது நன்றாக இருந்து, படபடப்பும் ஒரு தொந்தரவாக இல்லாமல், ஈசிஜியில் மட்டும் கோடு கோணலாக இருக்கிறது என்றால் நான் அனுப்ப மாட்டேன். அப்பாவுக்கு நிலைமை அப்படி இல்லை. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் வயலில் இறங்க முடியாமல் போகிறது. விட்டு விட்டு வருகிற வகை, முதல் தடவைக்குப் பிறகு ஓராண்டு நன்றாக இருந்திருக்கிறார். நண்டு வளைக்கான அடையாளங்கள் இவை. ஈசிஜியும் அதையே சொன்னால், இரண்டாவது முறை செய்துகொள்வது நியாயம் என்பது என் கருத்து. மூன்றாவது, நான்காவது என்று போனால் இவ்வளவு எளிதில் சொல்ல மாட்டேன்.

ஆனால் அடுத்த மாதமே என்று ஓட வேண்டாம். 92 கிலோவும் குறட்டையும் (குறட்டையை நீங்கள் எழுதவில்லை, நானாகத்தான் ஊகிக்கிறேன், அம்மாவைக் கேளுங்கள்) அப்படியே இருக்கும்போது வரப்பை மட்டும் திரும்பத் திரும்பப் பூசிக்கொண்டிருப்பதில் பொருளில்லை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 355 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2015-ல் எழுதினார்கள்: எடையில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ குறைத்து அதைக் காப்பாற்றியவர்கள், குறைக்காதவர்களைவிடத் துடிப்புக் கோளாறு இல்லாமல் இருக்கும் வாய்ப்பு ஆறு மடங்கு. அப்பாவுக்கு அது 9 கிலோ. மூன்று வேளைச் சோற்றில் ஒரு வேளையைக் குறைப்பதற்கு நம் பக்கத்தில் என்ன பாடு என்று எனக்குத் தெரியும். நெல் விளைவிக்கிறவனிடம் போய்ச் சோறு தின்னாதே என்கிறார் டாக்டர் என்று என் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறார்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்பதற்கு ஒரு இரவுப் பரிசோதனை இருக்கிறது, அதைச் செய்யுங்கள். குடிப்பழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். குடியை விட்டவர்களுக்குத் திரும்ப வருவது குறைகிறது என்பதையும் 2020-ல் ஆய்வு செய்தே காட்டிவிட்டார்கள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஒரு மூன்று மாதம் பிடியில் இருக்கட்டும். அதுவரை திருவாரூர் டாக்டரின் மாத்திரையை எடுத்துக்கொள்ளலாம். பார்த்தீர்களா, இரண்டு டாக்டர்களும் சொல்வது ஒன்றுக்கொன்று எதிரானதே அல்ல.

டாக்டரைத் தேர்ந்தெடுப்பதுபற்றி. இதய மருத்துவர் எல்லோரும் இதைச் செய்வதில்லை. அடைப்புக்கு ஸ்டென்ட் வைப்பவர் வேறு, துடிப்பின் மின்பாதையைப் பார்ப்பவர் வேறு. போர்வெல் குழாய் இறக்குகிறவரிடம் மோட்டார் ஸ்டார்ட்டரைப் பழுதுபார்க்கச் சொல்ல மாட்டோமே, அது மாதிரி. பெயர்ப்பலகையில் எலக்ட்ரோஃபிசியாலஜி என்று இருப்பது ஆரம்பத் தகுதி மட்டுமே. அதற்கு மேல் நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி இது: 'உள்ளே போய்ப் பார்க்கும்போது நான்கு சிரையும் அடைபட்டே இருந்தால் என்ன செய்வீர்கள்?'

வரப்பு கெட்டியாக இருந்தும் வயலில் தண்ணீர் நிற்கிறது என்றால் ஊற்று வேறெங்கோ இருக்கிறது. அதைத் தேடுவதுதான் கடினமான வேலை. நன்றாகச் செய்கிறவர் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் யோசித்து, எந்த எந்த இடத்தைத் தேடுவேன், எங்கே கிடைக்காவிட்டால் நிறுத்திக்கொள்வேன் என்று சொல்வார். 'பார்க்கிற இடமெல்லாம் சுட்டுவிடுவேன்' என்ற தொனியில் பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். தொடர்ச்சியாக இருக்கும் ஃபிப்ரிலேஷனில் சிரை வாய்களை மட்டும் அடைத்தவர்களையும், கூடுதலாகக் கோடுகள் போட்டுச் சுட்டவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2015-ல் வந்தது. 589 பேர். கூடுதலாகச் சுட்டதில் கூடுதல் பலன் கிடைக்கவில்லை.

அடுத்தது எண்ணிக்கை. ஆண்டுக்கு எத்தனை ஃபிப்ரிலேஷன் அப்லேஷன், அதில் மறுமுறை எத்தனை என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரையிலான பதிவுகளைப் பார்த்ததில், ஆண்டுக்கு 25-க்கும் குறைவாகச் செய்த டாக்டர்களிடமும் 50-க்கும் குறைவாக நடந்த மருத்துவமனைகளிலும் சிக்கல்கள் அதிகம். 'உங்கள் நோயாளிகளில் யாருக்காவது இதயத்தைச் சுற்றி ரத்தம் கசிந்ததா?' என்றும் கேளுங்கள். நூற்றில் ஒருவருக்கு ஏற்படக்கூடியது அது. ஒருபோதும் இல்லை என்கிறவர் குறைவாகச் செய்தவராக இருப்பார், அல்லது மறந்தவராக. ஆமாம், நடந்தது, இப்படிச் சமாளித்தோம், அறுவை மருத்துவர் அதே கட்டடத்தில் இருக்கிறார் என்பவரை நம்பலாம்.

நம் பகுதிக்கென்று ஒரு எச்சரிக்கை. தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி வரை 'பிரபல நிபுணர் மாதத்தில் ஒரு ஞாயிறு வருகை' என்று தட்டிகள் பார்க்கிறோம். ஆலோசனைக்கு அது நல்ல வசதி. ஈசிஜியைக் காட்டி இரண்டாவது கருத்துக் கேட்க நானே அனுப்புகிறேன். சிகிச்சையை அப்படிச் செய்துகொள்ளாதீர்கள். ஞாயிறு மாலை சூடு வைத்துவிட்டு இரவு ரயிலில் அவர் போய்விட்டால், செவ்வாய்க்கிழமை மூச்சு வாங்கும்போது யாரைக் கூப்பிடுவது?

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போவதில் தவறில்லை. துடிப்புக் கோளாறுகளுக்கு அங்கே நீண்ட அனுபவம் உண்டு. மன்னார்குடி–திருப்பதி பாமணி எக்ஸ்பிரஸ் திருவாரூர் வழியாகக் காட்பாடிக்குப் போகிறது, தினமும் கிடையாது, கிழமை பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் சென்னையில் முதலில் செய்த டாக்டரையும் சும்மா தள்ளிவிட வேண்டாம். அவரிடம் பழைய வரைபடம் இருக்கிறது, எங்கே சுட்டார் என்று தெரியும். அதே கேள்விகளை அவரிடமும் கேளுங்கள். வேறு டாக்டரிடம் போனால் அவர் கோபித்துக்கொள்வாரோ என்று அப்பா தயங்குவார். இரண்டாவது கருத்துக்காகக் கோபிக்கிற டாக்டர் எனக்கு வேண்டாம் என்று நான் சொல்வேன்.

பல்ஸ்டு ஃபீல்டு என்ற புது முறைபற்றிக் கேட்டிருந்தீர்கள். சூடும் குளிரும் இல்லாமல் மின்புலத்தால் செல்களை அழிப்பது. இந்தியாவிலும் சில பெரிய மருத்துவமனைகளுக்கு வந்துவிட்டது. உணவுக்குழாயும் பக்கத்து நரம்பும் பாதிக்கப்படுவது அதில் குறைவு, நேரமும் குறைவு. துடிப்பு திரும்பாமல் இருப்பதில் 2023-ல் வந்த ஒப்பீட்டு ஆய்வு அதைப் பழைய முறைகளுக்குச் சமம் என்றே சொன்னது. இருந்தால் நல்லது, இயந்திரத்தின் பெயரைப் பார்த்து மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

பணவிஷயத்தில் கறாராக இருங்கள். செலவில் பெரும்பகுதி கதீட்டர்களுக்குத்தான் போகிறது. புதியதா, சுத்திகரித்து மறுபடி பயன்படுத்துவதா, எதற்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருந்தால் ஒப்புதல் கிடைக்குமா, மேல்தொகை எவ்வளவு என்பதைத் தேதி குறிக்கும் முன்பே காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுங்கள்; படுத்த பிறகு கேட்பது பேரமே அல்ல.

காலமும் பாருங்கள். தொடை இடுக்குக் காயம் ஆற ஒரு வாரம் பத்து நாள் கனமான எதையும் தூக்கக் கூடாது. நடவிலோ அறுவடையிலோ தேதி வைத்தால் மூன்றாம் நாள் அப்பா வரப்பில் நிற்பார். சம்பா அறுப்பு முடிந்து, உளுந்தும் தெளித்துவிட்ட பிறகு வைத்துக்கொண்டால் ஆளைக் கட்டிலில் பிடித்து வைக்கலாம். அதற்குள் அந்த 9 கிலோவில் பாதியாவது குறைந்திருக்கும்.

செய்துகொண்டு ஊர் திரும்பிய பின் ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருங்கள். இரண்டு மாதத்துக்குள் காய்ச்சல், விழுங்கும்போது வலி, பேச்சுக் குழறல் இவற்றில் எது வந்தாலும் உள்ளூரில் சளிக் காய்ச்சல் என்று ஊசி போட்டுக்கொண்டு இருந்துவிடாதீர்கள். மேலறைக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே துளை விழுவது மிக அரிது, விழுந்தால் உயிருக்கு ஆபத்து. அந்தச் சமயம் விழுங்க முடியவில்லையே என்று யாராவது எண்டோஸ்கோப்பி செய்யப் புறப்பட்டால் தடுத்துவிடுங்கள், அதில் ஊதும் காற்று இதயத்துக்குள் போய்விடும். அப்லேஷன் செய்த விவரத்தைச் சொல்லி நெஞ்சுக்கு சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்ல வேண்டும்.

இன்று மாலை வீட்டுக்குப் போனதும், ரிப்போர்ட்டுகளைப் போட்டு வைத்திருக்கும் துணிக்கடைப் பையைக் கவிழ்த்துப் பாருங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கும்; நமக்கு அது போதாது. எந்தச் சிரைகளை அடைத்தார்கள், எந்த முறையில், கூடுதலாக எங்காவது கோடு போட்டார்களா என்று எழுதியிருக்கும் அப்லேஷன் அறிக்கை வேண்டும். இல்லாவிட்டால் சென்னை மருத்துவமனையின் ஆவணப் பிரிவுக்கு அப்பா கையெழுத்திட்ட ஒரு விண்ணப்பம் அனுப்புங்கள், கொடுத்தாக வேண்டும். அதுவும் படபடப்பு நேரத்து ஈசிஜியும் கிடைத்ததும் இரண்டையும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.